சுங்கை வே பாரும் சுவே பாரும்

என்னங்க, என் லோரிக்காரரே,

தினமும் உங்க படத்துக்கு முன்னால நின்னு பேசுறது போதாதான்னு கேட்பீங்க. இதை வாயால சொன்னா பாதியிலேயே சிரிச்சிடுவேன், அதான் எழுதுறேன். நம்ம பேத்தி ரூபிணி இதைப் பேப்பருக்கு அனுப்பப் போறாளாம். நாலு பேர் படிப்பாங்க, அதனால உங்களைப் பத்திக் கொஞ்சம் பார்த்துத்தான் எழுதணும். அஞ்சாம் வகுப்போட நின்ன என் எழுத்துல பிழை இருந்தா அவ திருத்திக்குவா.

கேமரன் மலையில இருக்குற என் அக்காவுக்கு முட்டி ரெண்டும் போயிடுச்சு. உங்க காரியத்துக்கே அவங்களால இறங்கி வர முடியல. நானும் ஏறிப் போகல. ஏன்னு உங்களுக்குத் தெரியாததா? அந்த மலை ரோட்டுல ரெண்டு வளைவு தாண்டுறதுக்குள்ள எனக்கு வயிறு வாய்க்கு வந்திடும். ஒரு தரம் உங்க புதுச் சட்டையிலேயே வாந்தி எடுத்தேனே, மறந்திருக்க மாட்டீங்க. நீங்க போனதிலிருந்து அக்காவும் நானும் போன்லதான் அழுதுக்குறோம்.

போன மாசம் அக்கா கேட்டாங்க: "என் மூஞ்சி ஞாபகம் இருக்காடி, வாந்திக்காரி?" சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. ஆனா போனை வெச்ச பிறகு எனக்குச் சோறு இறங்கல. யாரு முந்திப் போவோம்னு யாருக்குத் தெரியும்? பார்க்காமலே போயிட்டா?

அந்த வாரம் ரூபிணி தன்னோட குட்டிக் கார்ல என்னைக் கிள்ளான் பாசாருக்குக் கூட்டிட்டுப் போனா. ரவுண்டபோட்ல கார் சாயும்போது நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டேன். அவ அதைப் பார்த்து வெச்சிருக்கா.

ரெண்டு மூணு நாள் கழிச்சு நான் அடுப்படியில இருந்தேன். ஹால்ல அவ போன்ல பேசுறா: "பாஸ், சனிக்கிழமை சுவே பார். ஆமா, பெருசாவே போடுங்க. பின்னாலயும் ஒண்ணு போட்டுடலாம்."

என் காதுல விழுந்தது சுங்கை வே பார்! அந்த ஊரு பேக்டரியில சரக்கு இறக்கிட்டு நீங்க குடிக்க ஒதுங்குவீங்களே, அதுதான் என் கண்ணு முன்னால நின்னுச்சு. கரண்டியோட வெளியே வந்தேன்.

"உங்க தாத்தா போன பாருக்கே போறியாடி?"

"என்ன பாட்டி?"

"பெருசா ஒண்ணு போடப் போறியாமே. அதுக்குப் பின்னால இன்னொண்ணாம்! அவராவது எனக்குத் தெரியாமப் போனாரு. நீ நடு வீட்டுல நின்னு சொல்லிட்டுப் போற!"

அவ சிரிச்ச சிரிப்புல சோபாவிலிருந்து வழுக்கித் தரையில உட்கார்ந்துட்டா. "பாட்டி, அது கம்பிலா! காருக்கு அடியில போடுற கம்பி! வளைவுல கார் ஒரு பக்கமா சாயுதில்ல, அதைக் குறைக்கும். இப்ப இருக்கறது ரொம்ப மெல்லிசு, பின்னால கம்பியே இல்ல. பெரிய பாட்டியைப் பார்க்க வேணாமா உங்களுக்கு?"

கரண்டியில இருந்த குழம்பு தரையில சொட்டுனதைக் கூட நான் பார்க்கல.

ஒரு கம்பியை நம்பி மலை ஏறணும்னா அதைக் கண்ணால பார்க்கணும்னு சொல்லிட்டேன். சனிக்கிழமை அவளோடயே கிளம்பினேன். ஒர்க்‌ஷாப் எங்கேன்னு நினைக்கிறீங்க? சுங்கை வேதான்! அந்தக் கடை வரிசையில உங்க பார் எதுன்னு தேடித் தேடிப் பார்த்தேன். கடைசி வரைக்கும் சொல்லாமலே போயிட்டீங்களே.

கடை முதலாளியான சீன தவுக்கே என்னைப் பார்த்துட்டு ரூபிணிகிட்ட, "ஆன்டி மாபோக்கா?"ன்னு கேட்டாரு. எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சது, மலாய்ல குடிச்சு ஆடுறவனுக்கும் கார்ல தலை சுத்துறவளுக்கும் அதே மாபோக்தான். உங்களைச் சொன்ன சொல்லு, அதே ஊர்ல, இப்ப என் தலையில!

காரைத் தூக்கி நிறுத்தினாங்க. பெரிய வாளியோட பிடியைக் கழட்டி வெச்ச மாதிரி ஒரு கம்பி. ஒரு முனை இடது சக்கரத்துப் பக்கம், மறு முனை வலது சக்கரத்துப் பக்கம். நடுவுல ரப்பர் வெச்சுப் பிடிச்சிருக்கு. ஒரு மோட்டார் இல்ல, ஒயர் இல்ல. இது எப்படி ஒரு காரைச் சாயாமப் பிடிக்கும்? அங்கேயே நின்னு அரைகுறை மலாய்ல கேட்டேன்.

"ரெண்டு சக்கரமும் ஒண்ணா மேல ஏறினா, தவுக்கே?"

"அப்ப கம்பிக்கு வேலை இல்ல ஆன்டி. சும்மா திரும்பும்."

"ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கினா?"

அவரு ரெண்டு கையையும் முன்னால நீட்டி, ஒண்ணை முன்னாலயும் ஒண்ணைப் பின்னாலயும் திருப்பிக் காட்டினாரு. சட்டுன்னு எனக்குப் பிடிபட்டுடுச்சு. போர்வை பிழியறதுங்க! கொல்லையில நீங்க ஒரு முனை, நான் ஒரு முனை. நான் திருப்புற பக்கமே நீங்களும் திருப்புவீங்க. போர்வை உருளும், சொட்டுத் தண்ணி இறங்காது. "எதிர்ப் பக்கம் திருப்புங்க!"ன்னு நான் கத்துவேன். அப்புறம்தான் போர்வை கட்டையா இறுகும். அந்த இறுக்கந்தான் காரைப் பிடிக்குது. இல்லையா?

இந்தப் போர்வைக் கதையை நான் தமிழ்ல சொல்ல, ரூபிணி மலாய்ல எடுத்துச் சொன்னா. "பாண்டாய்லா ஆன்டி! இங்கேயே வேலைக்கு வந்துடுங்க"ன்னாரு தவுக்கே. கெட்டிக்காரியாம் நான். கேட்டுக்கோங்க.

அவரு இன்னொண்ணும் சொன்னாரு. குழியில விழுற குலுக்கலை இந்தக் கம்பி குறைக்காது. ஒரு சக்கரம் விழுந்தா, மத்த சக்கரத்துக்கும் கொஞ்சம் தெரியும். தெரியத்தானே செய்யும், ஒரே கம்பியில பூட்டியிருக்கே. நீங்க போன பிறகு அதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

ஆமா, உங்க லோரிக்கு அடியில இந்தக் கம்பி இருந்துச்சா? இருந்தும் அப்படி ஆடுச்சுன்னா, குறை கம்பியிலயா, நீங்க ஓட்டின வேகத்துலயா?

அடுத்த ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் பண்டமாரான்ல நம்ம வீட்டுலிருந்து கிளம்பினோம். மடியில பிளாஸ்டிக் பை, வாயில அசாம்போய் உப்புப்பழம். முதல் வளைவுல வழக்கம்போல கண்ணை மூடிக்கிட்டேன். தோள் கதவுல போய் இடிக்கல. அடுத்ததுல ஒரு கண்ணைத் திறந்தேன். அப்புறம் ரெண்டையும். இத்தனை வருசம் அந்த ரோட்டோரத்துல இவ்வளவு மூங்கில் இருந்துச்சா? எனக்குத் தெரியவே தெரியாதுங்க.

பொய் சொல்லக்கூடாது. பாதி மலையில தலை லேசா கிறுகிறுத்துச்சு. அருவி பக்கம் நிறுத்திக் கொஞ்சம் காத்து வாங்கினோம். பை மட்டும் மடியிலேயே காலியா இருந்துச்சு. கம்பியா, இல்ல அவ மெல்ல ஓட்டினதா? எது எவ்வளவுன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

அக்கா வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாங்க. வான்னு சொல்லல. "வாந்திப் பை எங்கடி?"ன்னாங்க. கொடுத்தேன். பிரிச்சு உள்ளே பார்த்தாங்க, காலி. அதை முகத்துல வெச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டாங்க. "மாப்பிள்ளை போனப்ப நான் வரலையேடி..." நானும் பக்கத்துல உட்கார்ந்து சேர்ந்து அழுதேன். ரூபிணிதான், "பெரிய பாட்டி, அது நல்ல பைதான், ஆனா முகம் துடைக்க துண்டு தரவா?"ன்னு கேட்டுச் சிரிக்க வெச்சா.

மறுநாள் குளிருக்கு இதமா வெயில் அடிச்சுது. அக்காவோட போர்வையைத் துவைச்சேன். ஒரு முனையை உட்கார்ந்திருந்த அவங்க கையில கொடுத்தேன்.

"எந்தப் பக்கம்டி திருப்பணும்?"

"எனக்கு எதிர்ப் பக்கம்க்கா. அவரு மாதிரி பண்ணாதீங்க."

தண்ணி எங்க ரெண்டு பேர் கால்லயும் கொட்டுச்சு.

அந்தப் பை நிறைய அக்கா முட்டைக்கோஸும் சவ்சவ்வும் கொடுத்து அனுப்பினாங்க. உங்க வருசத் திவசத்துக்கு அவங்களை அதே கார்ல இறக்கிக் கூட்டிட்டு வரேன். வரலையேன்னு இனி அவங்க அழக்கூடாது. உங்க படத்துக்கு முன்னால அக்காவை உட்கார வெப்பேன், இது என் வாக்கு. ஆனா அந்தச் சுங்கை வே பார் எதுன்னு மட்டும் கனவுல வந்து சொல்லிடுங்க. அந்தப் பக்கம் போகும்போது ரூபிணிகிட்ட காட்டணும்.

இப்படிக்கு,
மாபோக் ஆகாத உங்க பொண்டாட்டி,
சரசு