ஒற்றைக் குரல்

துர்முகி வருடம், ஐப்பசி. செவ்வாய்க்கிழமை இரவு.

ஆறாம் மாதத்தில் முடங்கிக் கிடக்காதே, நடமாடு, முடிந்த வேலையைச் செய் என்று சாந்தன்பாறையிலிருந்து வரும் நர்ஸம்மா சொல்லியிருந்தாள். எனக்கும் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் இன்றும் ஏலக்காய் எடுக்கப் போனேன். குனிந்தால் வயிறு இடிக்கிறது. சாக்கை விரித்து, செடிக்கு அடியில் உட்கார்ந்தே காய் பறித்தேன்.

மத்தியானம் பனிமூட்டம் இறங்கிவிட்டது. பக்கத்துச் செடிகூடத் தெரியவில்லை. "ஏட்டி ராசாத்தி" என்று ஒரு குரல். "இந்தா வாரேன்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஏலக்காட்டில் முதல் கூப்பாட்டுக்கு யாரும் வாய் திறப்பதில்லை. மனுசர் என்றால் மூன்று தடவை கூப்பிடுவார்கள். மற்றது ஒரு தடவைதான் கூப்பிடும்.

கூட வேலை செய்த பேச்சி மதினியிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

"நான் எங்கட்டி கூப்பிட்டேன்? நீ யாருக்குப் பதில் சொன்ன?"

யாரென்று சொல்லாமல் என் சாக்குக்குத் திரும்பினேன். அது செல்லம்மாவின் குரல். போன வருசம் என் பக்கத்தில் உட்கார்ந்து காய் எடுத்தவள். அவளுக்கும் ஆறாம் மாதம்தான். வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அப்போதிருந்து என் பிள்ளை அசையவில்லை. கஞ்சி குடித்தேன், லயத்து வீட்டு வாசலில் நடந்தும் பார்த்தேன். அவர் காய்மூட்டைகளோடு போடிக்குப் போயிருக்கிறார். யாரிடம் சொல்ல?

இப்போது கதவுக்கு வெளியே அதே குரல். "ஏட்டி ராசாத்தி." ஒரே தடவை.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். எனக்குப் பதிலாக உள்ளே பிள்ளை துள்ளியது.