விட்டுவைத்த வெள்ளை

அண்ணா,

மார்கழி பிறந்துவிட்டது. கம்பளிச் சால்வைக்காக இன்று காலை தகரப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனையோடு உன் வடக்கு உத்தர வீதிப் படமும் வந்தது. நீ கடைசியாக வரைந்தது. பாச்சை உருண்டையையும் மீறி, படத்தில் வாசலுக்கு வாசல் பூச்சி அரித்து ஓட்டை விழுந்திருக்கிறது.

பொன்மலை ரயில்வே பட்டறையில் வருஷம் முழுவதும் இன்ஜின் பாகங்களின் வரைபடங்களுக்கு மயிரிழை பிசகாமல் கோடு இழுத்தவன் நீ. மார்கழி வந்தால் உனக்குக் கோடே பிடிக்காது. விடியுமுன் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, மடக்கு நாற்காலியோடு வீதி முனைக்குப் போவாய். பனியில் பாதி கரைந்து நிற்கும் வீடுகளை நீர்வண்ணத்தில் வரைவாய். ஈரக்காற்றில் சாயம் காயாது. வீட்டுக்கு ஓடிவந்து குமுட்டி அடுப்பின் மேல் படத்தைக் காட்டுவாய். "நான் தணல் போட்டது காப்பிக்கா, உங்க வீதிக்கா?" என்பாள் மன்னி.

பனிக்குள் கோலம் இழை இழையாகத் தெரியாது; ஒரு வெளுப்பாகத்தான் தெரியும். அதற்காக ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் காகிதத்தை நனைக்காமல் விட்டுவிடுவாய். வெள்ளைச் சாயம் ஒரு ட்யூப் வாங்கினால் என்ன என்று கேட்டேன். "பூசின வெள்ளை செத்துப்போயிடும். விட்டுத்தான் வைக்கணும்" என்றாய். படம் வரைகிறவர்கள் இப்படி ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்துமாவோடு பனியில் போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "ஒண்ணே ஒண்ணு சரியா வரட்டும். அப்புறம் போர்வைக்குள்ளேயே கிடக்கறேன்" என்று போனாய். உன் படம் எதுவும் உனக்குப் பிடித்ததில்லை. அன்று மட்டும் வாசலிலிருந்தே "வந்துடுத்து" என்றாய். மறுநாள் மூச்சு முட்டி உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

நீ திரும்பி வந்ததும் மன்னி ஆசையாகப் படத்தை நீட்டினாள். நீ விட்டுவைத்த இடத்திலெல்லாம், அரைத்த அரிசி மாவைக் குச்சியில் தொட்டு இழைக்கோலம் போட்டிருந்தாள்.

"எல்லாம் வரைஞ்சேள், கோலத்தை மட்டும் விட்டுட்டேளே. மார்கழியில வாசல் வெறிச்சுனு இருக்கலாமா? நீங்க படுத்துண்டிருந்தேள், நானே போட்டுட்டேன்."

நீ வெகுநேரம் பார்த்தாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன்.

"நன்னா இருக்கு" என்றாய். "இழைதான் கொஞ்சம் தடிமன்."

"மாவு அப்படி!" என்று சிரித்தாள் மன்னி.

அதன் பிறகு நீ பிரஷ்ஷைத் தொடவில்லை. அடுத்த மார்கழிக்கு நீ இல்லை.

அரிசி மாவு பூச்சிக்குத் தீனி. மன்னியின் கை பட்ட இடத்தையெல்லாம் தேடித் தின்றிருக்கிறது. சுவரில் மாட்டிய மற்றப் படங்கள் வெளிச்சத்தில் வெளுத்து, எது பனி, எது வீடு என்றே தெரியவில்லை. கலை நிலைத்து நிற்கும் என்று காலேஜில் பாடம் நடத்துகிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நீ எங்கிருந்தோ இதைப் படிப்பாய் என்றும் நம்பவில்லை.

பெட்டிச் சத்தம் கேட்டு மன்னி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இப்போது இரண்டு கண்ணிலும் புரை.

"வீதிப் படமா கையில? என் கோலம் அழியாம இருக்கோன்னோ?"

ஓட்டைகள் வழியே என் புடவையின் நிறம் தெரிந்தது.

"நன்னா இருக்கு மன்னி" என்றேன். "இழைதான் கொஞ்சம் தடிமன்."

"மாவு அப்படி!" என்று அவள் சிரித்தாள்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பதில்தான், அண்ணா. அடுத்த மார்கழியிலும் அவள் கேட்பாள். அதையேதான் சொல்வேன்.