இலைச்சாறு கேட்டவளுக்கு

அன்புத் தங்கச்சிக்கு,

"ஊருக்கெல்லாம் கேன்சர் வராம இருக்க இலைச்சாறு கண்டுபிடிக்கிறே. வந்துட்ட எனக்கு ஒரு பாட்டில் தரமாட்டியாக்கா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தாய். அதன்பின் நீ எடுக்கவே இல்லை.

இன்று ஆய்வகத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். சோதனைத் தட்டுகளில், சாற்றை முதலில் கொடுத்து, பிறகு கேன்சர் உண்டாக்கும் நச்சைக் கொடுத்த கிருமிகளில் மரபணு அவ்வளவாகக் கெடவில்லை. நச்சை முதலில் கொடுத்த தட்டில் மட்டும் சாறு ஒன்றும் செய்யவில்லை. எல்லோரும் போன பிறகு அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சொல்ல ஆளில்லை.

சாறு அனுப்பமாட்டேன். டாக்டர் சொன்ன சிகிச்சையைத் தள்ளிப்போடாதே, கண்ணு. விடுப்பு சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை வண்டியேறுகிறேன். பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் அக்கா