போதும் என்று சொல்ல ஒருவர்

அன்புள்ள ஹனியா அக்காவுக்கு,

ஸலாம். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தா அப்படியேதான் இருக்கிறார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இது இரண்டாவது வாரம். மூளை வேலை செய்யவில்லை என்று இரண்டு தடவை சோதித்துச் சொல்லிவிட்டார்கள். நெஞ்சு ஏறி இறங்குவது வென்டிலேட்டரின் வேலை. அந்த மெஷினைச் சர்வீஸ் செய்வதுதான் என் பிழைப்பு. அத்தாவாக ஒரு மூச்சு இழுத்தால், திரையில் அலை கிளம்பும் இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம் விழும். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றுகூட விழவில்லை.

அத்தா போய்விட்டார் என்பதை அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் நீ. இன்றைய பிரெஞ்சுத் தத்துவம், இலக்கியம், அறிவியல் என்று போன வருஷம் பாரிஸிலிருந்து தமிழில் பேசினாயே, அந்த வீடியோவை ஐசியூ வாசலில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார். உடம்பு எங்கே முடிகிறது, கருவி எங்கே தொடங்குகிறது, அந்தக் கோட்டையே அங்கே சந்தேகப்படுகிறார்கள் என்கிறாய். அளவுமானி நின்றுபோகிற இடத்தில்தான் நாவல் ஆரம்பிக்கிறது என்கிறாய். கேட்டவர்கள் கைதட்டினார்கள். அம்மாவோ அதை டாக்டர் ரிப்போர்ட்டாக எடுத்துக்கொண்டார். மெஷினும் அத்தாவும் ஒன்று என்றால் அத்தா உயிரோடுதானே இருக்கிறார் என்று கேட்கிறார். நான் வாயைத் திறந்தால், "அம்மாம் படிச்சவளே கோடு போட முடியாதுன்றா, ஸ்க்ரூ திருப்புறவன் நீ இன்னாடா கோடு போட வந்துட்டே" என்கிறார்.

நீதான் சொல்ல வேண்டும். தத்துவம் வேண்டாம். அத்தா இனி எழுந்திருக்க மாட்டார், அவ்வளவுதான். அதையும் நேரில் வந்து சொல். அம்மா சரி என்றுவிட்டால், அப்புறம் ஜனாஸாவை அடக்கம் செய்ய யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். உனக்கே தெரியும்.

இங்கே எப்படி நடக்கும் என்பதையும் தெரிந்துகொள். ஆஸ்பத்திரியில் மெஷினை யாரும் நிறுத்த மாட்டார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு, தொண்டைக் குழாயோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். கடப்பாக்கம் போகிற வரைக்கும் ஒருவர் காற்றுப் பையைக் கையால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். அது நான்தான். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற தர்மராஜ் இப்போதே சொல்லிவிட்டார்: "அண்ணாத்த, வண்டில கைய எடுத்துராத. வூட்ல படுக்க வெச்சு, அல்லாரும் மொகம் பாத்தப்புறம் எடு." டயர் மாற்றுவதைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் சொன்னார். அவருக்குப் பழகிவிட்டது.

எடுக்க வேண்டியதும் நான்தான். எந்த அழுத்தலோடு நிறுத்த வேண்டும் என்று எந்த மேனுவலிலும் போடவில்லை. உன் பிரெஞ்சுக்காரர்கள் எழுதியிருந்தால் எடுத்து வா. இந்த முறை சண்டை போடாமல் படிக்கிறேன்.

டிக்கெட் போட்டுவிடு. அல்லாஹ் உன் பயணத்தை லேசாக்கி வைக்கட்டும். வண்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொள். வீடு வந்ததும், எல்லோரும் பார்த்து முடித்ததும், போதும்டா முஜீப் என்று ஒரு வார்த்தை சொல். நீ சொன்னால் எடுத்துவிடுவேன். சொல்ல நீ இல்லையென்றால், பாண்டிச்சேரி தாண்டியும் அழுத்திக்கொண்டே போவேன், அக்கா.

உன் தம்பி,
முஜீப்