டிலானியைக் கலஹாவுக்கு அனுப்பச் சொன்ன மகனுக்கு

அன்பு மகன் திவாகரனுக்கு, மஹய்யாவையிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. எல்லாரும் நலம் என்று எழுத இந்த முறை எனக்குக் கை வரவில்லை, நீயாவது கட்டாரில் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனைக் கும்பிடுகிறேன். போனில் பேசினால் ஏசிவிடுவேன், அதனால்தான் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

சூரன்போர் அன்று கோயிலில் உன் தங்கச்சி டிலானிக்கு வலிப்பு வந்ததை எவனோ வீடியோ எடுத்து அனுப்பி நீயும் பார்த்துவிட்டாய். ஏன் வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. உனக்குப் பிரேமிளா சம்பந்தம் கூடிவர வேண்டும் என்றுதான் அவள் சஷ்டி விரதம் பிடித்தாள். உன் அத்தை வந்து, விரதத்துல குளிசை போட்டா பலன் இல்ல புள்ள, முடியிற வரைக்கும் நிப்பாட்டு என்று சொல்லியிருக்கிறாள், இந்தப் பைத்தியக்காரியும் எனக்குச் சொல்லாமல் வலிப்புக் குளிசையை நிறுத்திவிட்டாள். அவள் விழுந்து துடித்ததும் சாமி வந்திருச்சு என்று இரண்டு பெண்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், சிறுநீர் போய்ச் சேலை நனைந்ததும் அதே பெண்கள் சீ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். உன் மாமா ராஜரத்தினம் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டு, வாசலுக்கு ஓடி, மார்க்கெட் சேறு அப்பிய ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து பிள்ளையின் மூக்கில் வைத்து அழுத்தினார். மீன் தண்ணீர் நாற்றம் அதில். கோயிலுக்குள் செருப்பா என்று ஒரு மனுசரும் கேட்கவில்லை. நான்தான் தட்டி எறிந்துவிட்டு அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.

கிளினிக்கில் டாக்டரம்மா படம் கீறிக் காட்டினார், நீயும் தெரிந்துகொள். மூளையில் இருக்கிற ஒவ்வொரு நரம்பணுவும் உள்ளேயும் வெளியேயும் உள்ள உப்புகளை வைத்துத்தான் கரண்ட் உண்டாக்குகிறதாம். அதன் தோலில் குட்டிக் குட்டிக் கதவுகள், அவை திறந்தால் உப்பு உள்ளே பாய்ந்து கரண்ட் நுனி வரைக்கும் ஓடுகிறது. நுனிக்கும் அடுத்த நரம்பணுவுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி, அங்கே ஒரு ரசாயனம் சுரந்து அந்தப் பக்கம் சேதி சேர்க்கிறது. கிளம்பு என்று உசுப்புகிற ரசாயனமும் உண்டு, பொறு என்று அடக்குகிற ரசாயனமும் உண்டு. அடக்குவது பலிக்காமல் நம் குழாயடிச் சண்டை போல எல்லாம் ஒன்றாகக் கிளம்பினால் அதுதான் வலிப்பு. குளிசை அந்தக் கதவுகளைக் கட்டுக்குள் வைக்கிறது, சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. இதில் சாமிக்கு என்ன வேலை, செருப்புக்கு என்ன வேலை? சாவிக்கொத்தைக் கொடுத்தால் உப்புக் கதவு பூட்டிக்கொள்ளுமா? தூ, நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

மாமாவாவது பதற்றத்தில் செய்தார். நீ ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்து அல்லவா வாய்ஸ் அனுப்பினாய், ஞாயித்துக்கெழம பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பாக்க வர்றப்ப டிலானிய கலஹாவுல சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடுங்கம்மா, எல்லாம் முடிஞ்ச பொறகு கூப்பிட்டுக்கலாம் என்று. உட்கார முடியாத, கால் உடைந்த கதிரையா அவள், அறைக்குள் தள்ளிவிட? மாமாவின் செருப்பை விட உன் பேச்சுத்தான் எனக்கு நாறியது. அவளும் பக்கத்தில் இருந்து கேட்டாள். எழுந்து போய் அலுமாரியைத் திறந்து துணி அடுக்கத் தொடங்கினாள். நான் பையைப் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

நேற்று வந்தார்கள். பெண் வருவது வழக்கமில்லை, ஆனாலும் பிரேமிளா புசல்லாவையிலிருந்து அவள் அப்பாவோடு வந்தாள். டிலானிதான் தேத்தண்ணி கொடுத்தாள். நான் வலிப்பைச் சொன்னேன், வாய் அடங்காமல் நீ அனுப்பச் சொன்னதையும் சொல்லிவிட்டேன். அவள் அப்பா முகம் கறுத்துக் கோப்பையைக் கீழே வைத்தார். பிரேமிளா டிலானியின் கையைப் பிடித்து, இப்ப குளிசை ஒழுங்கா போடுறீங்களா என்று மட்டும் கேட்டாள். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வலிப்புக்கு நான் பயப்படலங்க, நாளைக்கு எனக்கு ஒண்ணு வந்தா அவரு என்னைய எங்க அனுப்புவாரு என்று கேட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் நிறையத் தண்ணீர் குடி. எவ்வளவு ஏசினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், முருகன் துணை உனக்கு எப்போதும் உண்டு. புதன்கிழமை வேலை முடிந்ததும் பிரேமிளா உனக்குப் போன் எடுப்பாள், அந்தக் கேள்விக்கு நீயே பதில் சொல். அதற்கு முன்னால் டிலானிக்கு ஒரு போன் எடு.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அம்மா,
பாலம்மா