பத்து எழுத்துக்குள் என் மகன்

நவம்பர் 2, ஞாயிறு.

கல்லறைத் திருநாள் பூசையில் என் மகன் பெயரைச் சாமியார் "ஜோசப் ஞானப்பிரகா" என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார். தாளில் அவ்வளவுதான் இருந்ததாம். கோயில் கம்ப்யூட்டரில் இறந்தவர்கள் பட்டியலை அடித்த சேவியரைப் பிடித்துக் கேட்டேன்.

"கமா போட்டு வந்த பட்டியல நான் எழுதி வச்ச ஸ்கிரிப்ட், அந்தச் சின்ன புரோகிராம், ஒரே அகலக் கட்டமா மாத்தும்க்கா. பேருக்கு, நடுவுல விடுற இடத்தையும் சேத்து, பத்து எழுத்துதான். மிச்சத்த அதுவே வெட்டிரும்."

"பத்துன்னு அளவு போட்டது யாருடா?"

"நாந்தான். எல்லாருக்கும் பொது அளவுக்கா."

"ஏலே, செத்தவுக என்ன திராட்சைப் பெட்டியா, ஒரே அளவுல அடுக்க?"

சிரித்தான். அந்தச் சிரிப்பை மன்னிக்க மாட்டேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதும் இதைச் சொல்ல மாட்டேன். குழி வெட்டியவர்கள்கூட என் பிள்ளையின் உயரத்தைப் பார்த்து, யாரும் கேட்காமலே ஒரு முழம் கூட்டி வெட்டினார்கள்.