கரி படிந்த சுவர்

அன்புத் தங்கைக்கு,

திறப்பு விழாவுக்கு வர நேரமில்லை என்றேன். போன வாரம் தனியாகப் போய், நீ சீரமைத்த பழைய தபால் நிலையத்தைப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன்.

தீயில் கருகிய சுவரை இடித்துவிட்டுப் பழையபடியே கட்டலாம் என்றது, போட்டியில் தோற்ற என் வரைபடம். நீ கரியைத் துடைக்காமல் விட்டு, பக்கத்தில் புதுக் கண்ணாடிச் சுவரை எழுப்பியிருக்கிறாய். இரண்டும் சேரும் இடத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன். மயிரிழை இடைவெளிகூட இல்லை. வயிறு எரிந்தது.

பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள்: "நீங்கதான் இதைக் கட்டினவங்களா?"

"ஆமா" என்றேன்.

"எங்கப்பா அந்தத் தீயிலதான் போனாரு. சுவரை இடிக்காம வச்சீங்களே, ரொம்ப நன்றிம்மா."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நன்றி உன்னுடையது. அனுப்ப மனம் வர ஒரு வாரம் ஆயிற்று.

உன் அக்கா